கப்பலும் செக்கும் ஏடும்

நுழையும்முன்

என்ன படிப்பது, எந்தத் தொழிலை மேற்கொள்வது என்னும் வினாக்கள் மேல்நிலை வகுப்பில் காலெடுத்து வைத்தவுடன் நம்மைத் தேடி வருகின்றன. பெற்றோரும் ஆசிரியரும் உறவினரும் தத்தமக்குத் தெரிந்த விடைகளைக் கூறுகின்றனர். தேர்ந்தெடுத்த தொழில் ஒருநாள் நம் கையைவிட்டுப் போகுமானால் நம்மிடம் எஞ்சுவது என்ன என்னும் வினாவை எவரும் எழுப்புவதில்லை. அவ்வினாவிற்குத் தம் வாழ்வையே விடையாக்கியவர் வ.உ. சிதம்பரனார். கப்பல் ஓட்டியவராகவும் செக்கிழுத்தவராகவும் அவரை நாம் அறிவோம். தம்மைத்தாமே வளர்த்துக்கொண்ட மனிதராக அவரை இப்பாடத்தில் காண்போம்.

முத்துக்குளிக்கும் கரை

சாத்தான்குளத்திலிருந்து பனைகள் நிறைந்த தேரிக்காட்டுச் செம்மணலைக் கடந்து கிழக்கே சென்றால் மன்னார் வளைகுடாவின் கரையை அடையலாம். அங்கே குலசேகரன்பட்டினமும் மணப்பாடும் உள்ளன. கரையோடு வடக்கே சென்றால், பாண்டியரின் பழைய துறையாகிய கொற்கை வரும். இன்று அவ்வூரைவிட்டுக் கடல் விலகிப் போய்விட்டது. அதற்கும் வடக்கே தூத்துக்குடி அமைந்துள்ளது.

இக்கரையில் முத்துக்குளித்தல் நெடுங்காலம் நடைபெற்றது. குளிப்பவர் கல்லின் எடையைத் துணையாகக்கொண்டு கடலடிக்கு இறங்குவார். மூச்சு அடங்கும்வரை சிப்பிகளைத் திரட்டுவார். படகிலிருப்பவர் கயிற்றைப் பற்றி அவரை மேலே இழுப்பார். எந்தச் சிப்பிக்குள் முத்து உள்ளது என்பதை இறங்குபவர் அறியார். மூச்சை அடக்கும் பயிற்சியும் அஞ்சாத நெஞ்சுமே அவருடைய முதலீடுகள். இக்கரையில் வாழ்ந்த சிதம்பரனாரின் வாழ்வும் இதனையொத்தது. பயன் கிட்டுமா என்பது தெரியாத நிலையிலும் ஆழத்திற்கு இறங்கத் துணிந்தவர் அவர்.

தந்தை காட்டிய வழி

சிதம்பரனார் 1872ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் ஒட்டப்பிடாரம் பகுதியில் உலகநாதர், பரமாயி அம்மையார் இணையருக்கு மகனாகப் பிறந்தார். தந்தையார் வழக்குரைஞர். ஒட்டப்பிடாரத்தில் தொடங்கிய அவருடைய கல்வி தூத்துக்குடியில் தொடர்ந்தது. படிப்பிற்குப்பின் சிறிது காலம் வட்டாட்சியர் அலுவலகத்தில் எழுத்தராகப் பணியாற்றினார். அக்காலத்தில் அரசுப் பணி என்பது பலர் ஏங்கிய வாழ்வு. மாதந்தோறும் ஊதியமும் ஊரில் மதிப்பும் அதனால் கிடைத்தன. எனினும், மகனின் ஆற்றல் அதனினும் பெரிது என்று கருதிய தந்தையார், அவரைத் திருச்சிராப்பள்ளிக்குச் சட்டம் பயில அனுப்பினார். தேர்வில் வெற்றி பெற்ற சிதம்பரனார் 1895ஆம் ஆண்டு ஒட்டப்பிடாரத்தில் வழக்குரைஞர் தொழிலைத் தொடங்கினார்.

இதுவரை அவர் நடந்தது பிறர் காட்டிய வழி. தந்தை செய்த தொழிலையே மகனும் மேற்கொள்வது அக்காலத்தில் இயல்பாக இருந்தது. ஆனால், அத்தொழிலை எவருக்காகச் செய்வது என்பதைச் சிதம்பரனாரே முடிவு செய்தார். பொருளில்லாத எளியோருக்குக் கட்டணம் பெறாமல் வாதாடினார். அதிகாரம் உடையவர்களின் தவறுகளை நீதிமன்றத்தில் எடுத்துக்காட்டத் தயங்கவில்லை. இதனால் அதிகாரிகள் சிலரின் பகை வளர்ந்தது. கவலையுற்ற தந்தையார் 1900ஆம் ஆண்டு மகனைத் தூத்துக்குடிக்குச் சென்று தொழில் செய்யுமாறு பணித்தார். பகையிலிருந்து விலக்குவதற்காக அனுப்பப்பட்ட அவ்வூரே, மகனை அதனினும் பெரிய பகையை எதிர்கொள்ள வைக்கும் என்பதை அத்தந்தை அறிந்திருக்க இயலாது.

தூத்துக்குடியில் அவருடைய வருவாய் பெருகியது. மனநிறைவோடு வாழ்வதற்கு அதுவே போதுமானதாக இருந்தது. ஆயினும், கற்பதை அவர் நிறுத்தவில்லை. தமிழ் இலக்கியங்களையும் சைவ நூல்களையும் தொடர்ந்து பயின்றார். அக்கால இதழ்களில் எழுதினார். நாட்டு நடப்பைக் கூர்ந்து நோக்கினார். தொழில் வாழ்வுக்கு வெளியே ஒருவர் கற்பவை பின்னாளில் எந்த இடத்தில் துணைநிற்கும் என்பதை முன்கூட்டியே கணிக்க இயலாது. சிதம்பரனாருக்கு அக்கல்வி துணைநின்ற இடம் சிறைச்சாலை.

கடலில் கண்ட குறிக்கோள்

தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கடல்வாணிகம் செழித்திருந்த காலம் அது. சரக்குகள் சென்றன; வணிகரும் தொழிலாளரும் சென்று திரும்பினர். எனினும், கப்பல் போக்குவரத்து முழுவதும் ஆங்கிலேயரின் பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் நிறுவனத்தின் பிடியில் இருந்தது. கட்டணத்தை முடிவு செய்யும் உரிமையும் அந்நிறுவனத்திடமே இருந்தது. உள்ளூர் வணிகர்கள் அதற்குக் கட்டுப்பட்டே தொழில் செய்ய வேண்டியிருந்தது.

1905ஆம் ஆண்டு வங்கப் பிரிவினையை எதிர்த்து எழுந்த சுதேசி இயக்கம் சிதம்பரனாரை ஈர்த்தது. உள்நாட்டுத் துணியை உடுத்துவதோடும் அயல்நாட்டுப் பொருளை விலக்குவதோடும் சுதேசியம் நிறைவடைந்துவிடாது என்று அவர் கருதினார். தூத்துக்குடியில் சுதேசிப் பிரசார சபை, தர்ம சங்க நெசவுச்சாலை போன்ற அமைப்புகளைத் தொடங்கினார். அடுத்து, தம் ஊரின் உயிர்நாடி எது என்று எண்ணினார். அது கடல்வாணிகம் என்பதை உணர்ந்ததும், அவருடைய குறிக்கோள் தெளிவடைந்தது. பிறர் செய்வதைப் பார்த்துத் தமக்கும் ஒன்றைத் தேடிக்கொள்ளாமல், தாம் வாழும் இடத்தின் தேவையிலிருந்து தம் பணியைக் கண்டறிந்தமை இங்கு எண்ணத்தக்கது.

1906ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள் சுதேசி நாவாய்ச் சங்கம் பதிவு செய்யப்பட்டது. அதன் முதல் பத்து இலட்சம் ரூபாய். அத்தொகை இருபத்தைந்து ரூபாய் மதிப்புள்ள 40,000 பங்குகளாகப் பிரிக்கப்பட்டது. பெருஞ்செல்வர்களோடு நடுத்தர மக்களும் பங்குதாரராவதற்கு இம்முறை வழிவகுத்தது. மதுரைத் தமிழ்ச்சங்கத்தை நிறுவிய பாண்டித்துரையார் தலைவரானார். ஹாஜி முகமது பக்கீர் சேட்டு இரண்டு இலட்சம் ரூபாய்க்குப் பங்குகளை வாங்கி உதவினார். சிதம்பரனார் உதவிச் செயலாளர் பொறுப்பில் நின்று ஊர் ஊராகச் சென்று பங்குகளைத் திரட்டினார்.

வழக்குரைஞராக இருந்தவர் கப்பல் தொழிலை அறிந்தவரல்லர். அவர் ஒவ்வொன்றையும் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது. தொடக்கத்தில் பம்பாயிலிருந்த ஒரு நிறுவனத்திடமிருந்து கப்பல்கள் வாடகைக்குப் பெறப்பட்டன. ஆங்கிலேய நிறுவனத்தின் நெருக்குதலால் அவை திரும்பப் பெறப்பட்டன. உடனே கொழும்புக்குச் சென்று வேறு கப்பலை வாடகைக்கு ஏற்பாடு செய்தார். வாடகைக் கப்பலை நம்பும்வரை கடிவாளம் பிறர் கையிலேயே இருக்கும் என்னும் பாடத்தை அந்நிகழ்ச்சி அவருக்குக் கற்பித்தது. சொந்தமாகக் கப்பல் வாங்கும் உறுதியுடன் பம்பாய்க்குப் புறப்பட்டார். கப்பலோடுதான் திரும்புவது என்னும் அவருடைய உறுதி வீண்போகவில்லை. 1907ஆம் ஆண்டு ‘காலியா’, ‘லாவோ’ என்னும் இரு கப்பல்கள் சங்கத்திற்குச் சொந்தமாயின.

போட்டியும் பொறுப்பும்

சுதேசிக் கப்பலை மக்கள் மகிழ்ச்சியுடன் வரவேற்றனர். ஆங்கிலேய நிறுவனமோ கட்டணத்தை வெகுவாகக் குறைத்தது. பின்னர்க் கட்டணமின்றியே பயணிகளை ஏற்றிச் செல்லவும் முன்வந்தது. பெருமுதல் கொண்ட நிறுவனம் இழப்பைத் தாங்கிக்கொண்டே போட்டியாளரை அழிக்க இயலும். சிறுமுதல் கொண்ட சுதேசிச் சங்கத்தால் அவ்வாறு இயலாது. மக்கள் தரும் ஆதரவு ஒன்றே அதன் வலிமையாக இருந்தது.

இந்நெருக்கடியிலும் சிதம்பரனார் தம் நிறுவனத்தை மட்டும் எண்ணிக்கொண்டிருக்கவில்லை. தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளர்கள் குறைந்த கூலிக்கு நெடுநேரம் உழைத்துவந்தனர். 1908ஆம் ஆண்டு பிப்ரவரி 27ஆம் நாள் அவர்கள் தொடங்கிய வேலைநிறுத்தத்திற்கு அவரும் சுப்பிரமணிய சிவாவும் வழிகாட்டினர். வேலைநிறுத்தக் காலத்தில் தொழிலாளர் குடும்பங்கள் பசியால் வாடாதவாறு உதவிகளைத் திரட்டினர். ஒன்பது நாள்களில் ஆலை நிருவாகம் இறங்கிவந்தது. கூலி உயர்வும் ஞாயிற்றுக்கிழமை விடுமுறையும் கிடைத்தன. தம்முடைய உயர்வு பிறருடைய உயர்வோடு பிணைந்தது என்பதில் சிதம்பரனாருக்கு ஐயமே இருந்ததில்லை.

ஆங்கில அரசு இனியும் பொறுத்துக்கொள்ள விரும்பவில்லை. 1908ஆம் ஆண்டு மார்ச் 12ஆம் நாள் அவர் கைது செய்யப்பட்டார். மறுநாள் திருநெல்வேலியில் பெருங்கலகம் மூண்டது. ஜூலை 7ஆம் நாள் நீதிபதி பின்ஹே தீர்ப்பளித்தார். அரசுக்கு எதிராகப் பேசியதற்கு இருபது ஆண்டுகள். சிவாவுக்குத் துணைநின்றதற்கு இருபது ஆண்டுகள். ஆக நாற்பது ஆண்டுகள் நாடுகடத்தல் தண்டனை. அப்போது சிதம்பரனாருக்கு வயது முப்பத்தைந்து. தீர்ப்பைக் கேட்ட அதிர்ச்சியில் அவருடைய தம்பி மீனாட்சிசுந்தரம் மனநலம் குன்றினார். மேல்முறையீட்டில் தண்டனைக்காலம் குறைக்கப்பட்டது. அவர் கோயம்புத்தூர்ச் சிறையிலும் கண்ணனூர்ச் சிறையிலும் அடைக்கப்பட்டார்.

செக்கடியில் விளைந்த கல்வி

சிறையில் அவர் அரசியல் கைதியாக நடத்தப்படவில்லை. சணல் கிழிக்கும் இயந்திரத்தைச் சுற்றியதில் கைகள் புண்ணாயின. கல் உடைத்தார். மாடுகள் இழுக்க வேண்டிய செக்கைக் கோயம்புத்தூர்ச் சிறையின் வெயிலில் இழுத்தார். வழக்கு மன்றத்தில் வாதங்களை அடுக்கிய வழக்குரைஞர், கப்பல் நிறுவனத்தை நடத்திய தலைவர் என்னும் அடையாளங்கள் அனைத்தும் அங்கே களையப்பட்டன.

ஒருவருடைய தொழிலைப் பறிக்கலாம், செல்வத்தைப் பறிக்கலாம், உடலையும் வருத்தலாம். கற்கும் விருப்பத்தை மட்டும் பிறர் பறிக்க இயலாது என்பதைச் சிதம்பரனார் அங்கே மெய்ப்பித்தார். ஜேம்ஸ் ஆலன் என்னும் ஆங்கில எழுத்தாளரின் நூல்கள் அவர் கைக்கு எட்டின. ஆலன் 1864ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பிறந்தவர். தந்தையை இழந்ததால் பதினைந்து வயதிலேயே படிப்பை விட்டுவிட்டு வேலைக்குச் சென்றவர். மனிதனின் வாழ்வை அவனுடைய எண்ணங்களே உருவாக்குகின்றன என்பது ஆலனின் அடிப்படைக் கருத்து. கட்டுண்ட நிலையிலிருந்த சிதம்பரனாரின் உள்ளத்தில் இக்கருத்து ஆழப் பதிந்தது.

ஆலனின் நூலொன்றை அவர் ‘மனம்போல வாழ்வு’ என்னும் பெயரில் தமிழாக்கினார். அவர் சிறையில் இருக்கும்போதே, 1909ஆம் ஆண்டு, அந்நூல் வெளிவந்தது. பின்னாளில் ‘அகமே புறம்’, ‘வலிமைக்கு மார்க்கம்’, ‘சாந்திக்கு மார்க்கம்’ என்னும் மொழிபெயர்ப்புகளும் வெளிவந்தன. தன்னை மேம்படுத்திக்கொள்ள வழிகாட்டும் நூல்கள் இன்று தமிழில் ஏராளமாக வெளிவருகின்றன. அவ்வகை நூல்களுக்குத் தமிழில் முன்னோடியாக நின்றவற்றுள் செக்கிழுத்த கைகள் எழுதிய இந்நூல்களும் அடங்கும்.

உடனிருந்த கைதிகளுக்கு அவர் அறநூல்களைக் கற்பித்தார். கற்பித்தலின் பயனாக ‘மெய்யறம்’ என்னும் நூல் உருவாயிற்று. திருக்குறளின் நெறியில் அமைந்த இந்நூல் 125 அதிகாரங்களைக் கொண்டது. ‘மாணவரியல்’ இதன் முதற்பகுதி. கற்பவனின் கடமைகளிலிருந்தே வாழ்வின் அறம் தொடங்குகிறது என்னும் அவருடைய எண்ணத்தை இவ்வமைப்பு புலப்படுத்துகிறது. குற்றவாளிகள் என்று சமுதாயம் ஒதுக்கியவர்களுக்கு ஆசிரியராக அமர்ந்தவர், அவர்களும் வளரக்கூடியவர்கள் என்று நம்பினார். தம் வாழ்க்கை வரலாற்றைச் செய்யுளில் எழுதும் பணியும் அச்சிறை நாள்களில் நடைபெற்றது.

வெளியே காத்திருந்த சோதனை

1912ஆம் ஆண்டு டிசம்பர் 24ஆம் நாள் சிதம்பரனார் விடுதலையானார். ஒரு காலத்தில் அவருடைய பேச்சைக் கேட்கத் திரண்ட கூட்டம் சிறைவாயிலில் இல்லை. வரவேற்க வந்தவர் மிகச் சிலர். அவர் கட்டி எழுப்பிய சங்கம் 1911ஆம் ஆண்டிலேயே கலைக்கப்பட்டிருந்தது. எந்த நிறுவனத்தின் ஆதிக்கத்தை எதிர்க்கக் ‘காலியா’ வாங்கப்பட்டதோ, அந்நிறுவனத்திற்கே அக்கப்பல் விற்கப்பட்டுவிட்டது. வழக்குரைஞர் உரிமமும் பறிக்கப்பட்டிருந்தது.

சிறையின் துன்பத்தைவிட இத்துன்பம் கொடியது. சிறையில் பகைவர் இழைத்த துன்பத்தை எதிர்கொண்டார். வெளியே தம்மவரின் மறதியை எதிர்கொள்ள நேர்ந்தது. குடும்பத்தைக் காக்கப் பொருள் தேவைப்பட்டது. சென்னையில் அரிசியும் நெய்யும் விற்றுப் பார்த்தார். வணிகம் கைகொடுக்கவில்லை. கோயம்புத்தூரில் வங்கி ஒன்றில் பணியாற்றினார். கப்பல்களின் தலைவராக இருந்தவர் அரிசிக் கடையில் நிற்பதை இழிவாகக் கருதவில்லை. நேர்மையான எந்த உழைப்பும் தம்மைத் தாழ்த்தாது என்னும் தெளிவு அவரிடம் இருந்தது.

மன உரம் இருந்ததால் வறுமை அவரை விட்டு விலகிவிடவில்லை என்பதையும் நாம் மறைத்தல் கூடாது. நல்லெண்ணம் கொண்டோர்க்கெல்லாம் செல்வமும் வெற்றியும் தாமே வந்து சேரும் என்னும் எளிய கணக்கிற்கு அவர் வாழ்வு அடங்காது. வறுமை இறுதிவரை அவரைத் தொடர்ந்தது. ஆனால், அது அவரைக் கசப்புடையவராக மாற்றவில்லை. நீதிபதி வாலஸ் என்னும் ஆங்கிலேயரின் உதவியால் அவருக்கு வழக்குரைஞர் உரிமம் மீண்டும் கிடைத்தது. அந்நன்றியை மறவாமல் தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார். ஆங்கில ஆட்சியை எதிர்த்து நாற்பது ஆண்டுத் தண்டனை பெற்ற ஒருவர், உதவிய ஆங்கிலேயரின் பெயரை வீட்டில் நாளும் ஒலிக்கச் செய்தார். ஆட்சியின் மீதிருந்த எதிர்ப்பு மனிதர் மீதான வெறுப்பாக மாறாதிருந்தது அவருடைய அகவளர்ச்சியின் சான்று.

ஏட்டில் தொடர்ந்த பயணம்

பொருள் முட்டுப்பாட்டிற்கிடையேயும் தமிழ்ப்பணி தொடர்ந்தது. திருக்குறள் அறத்துப்பாலின் மணக்குடவர் உரையை 1917ஆம் ஆண்டு பதிப்பித்தார். 1928ஆம் ஆண்டு தொல்காப்பிய எழுத்ததிகாரத்தின் இளம்பூரணர் உரையைப் பதிப்பித்தார். பழஞ்சுவடிகளை ஒப்பிட்டு, பிழை நீக்கி, பாடத்தை உறுதி செய்வது கடும் உழைப்பையும் பொறுமையையும் கோரும் பணி. திருக்குறளுக்கும் சிவஞானபோதத்திற்கும் அவரே உரை கண்டார். நடுத்தர வயதைக் கடந்த பின்னும் இலக்கணத்தையும் தத்துவத்தையும் மாணவரைப் போலப் பயின்றார்.

கோவில்பட்டியில் வழக்குரைஞராகச் சில ஆண்டுகள் பணியாற்றியபின், 1932ஆம் ஆண்டு தூத்துக்குடிக்குத் திரும்பினார். தாம் கப்பல் விட்ட கடலின் அருகிலேயே இறுதி நாள்களைக் கழித்தார். 1936ஆம் ஆண்டு நவம்பர் 18ஆம் நாள் அவர் உயிர் பிரிந்தது. நாட்டின் விடுதலையை அவர் காணவில்லை.

அவர் இழுத்த செக்கு இன்று சென்னை, கிண்டி காந்தி மண்டபத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளது. தூத்துக்குடித் துறைமுகம் 2011ஆம் ஆண்டு முதல் அவர் பெயரால் வழங்குகிறது. ஒரு காலத்தில் இந்தியருக்குச் சொந்தமாக ஒரு நீராவிக் கப்பலை நிறுத்த அவர் போராடிய துறையில், இன்று வந்துசேரும் ஒவ்வொரு கப்பலும் அவர் பெயரைத் தன் பயண ஏட்டில் குறித்துக்கொள்கிறது.

நிறைவாக

எழுத்தர், வழக்குரைஞர், கப்பல் நிறுவன உதவிச் செயலாளர், கைதி, அரிசி வணிகர், வங்கிப் பணியாளர், பதிப்பாசிரியர், உரையாசிரியர் எனச் சிதம்பரனாரின் வாழ்வில் பணிகள் பல முறை மாறின. சிலவற்றை அவர் தேர்ந்தெடுத்தார். சிலவற்றைக் காலம் அவர்மீது சுமத்தியது. இவை அனைத்திலும் மாறாதிருந்தவை இரண்டு. ஒன்று, தம்மைச் சுற்றியிருப்போர் உயர வேண்டும் என்னும் நோக்கம். மற்றொன்று, நாள்தோறும் கற்றுத் தம்மைத் திருத்திக்கொள்ளும் பழக்கம்.

நாளை நாம் மேற்கொள்ளப்போகும் தொழில் எதுவென்று இன்று உறுதியாகக் கூற இயலாமல் இருக்கலாம். மதிப்பெண்ணும் வாய்ப்பும் குடும்பச் சூழலும் நம் கணக்குகளை மாற்றக்கூடும். அதனால் குறிக்கோள் வேண்டாம் என்பதில்லை; குறிக்கோளை வகுத்துக்கொண்டு முழு ஆற்றலோடு முயல்வதே கடமை. அம்முயற்சியில் நாம் பெறும் அறிவும் துணிவும் பொறுமையும், குறிக்கோள் கைகூடாத நாளிலும் நம்மோடு இருக்கும். மூச்சடக்கப் பழகியவரே கடலடியில் முத்தைத் தேட இயலும். அப்பயிற்சியைத் தொடங்குவதற்கு ஏற்ற பருவம் இதுவே.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரின் முதன்மையான தொழில் எது? அத்தொழிலில் நிறைவேறாத தேவை ஒன்றைக் கண்டறிந்து, அதனை நிறைவேற்ற நீங்கள் எவற்றைக் கற்க வேண்டும் என்பதைப் பட்டியலிடுக.

2. ஒரு பணியிலிருந்து வேறு பணிக்கு மாற நேர்ந்த உங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவரைக் கண்டு உரையாடி, முதற்பணியில் கற்றவை அடுத்த பணியில் எவ்வாறு துணைநின்றன என்பதை ஒரு பக்க அளவில் எழுதுக.

3. ‘சிதம்பரனாரின் கப்பல் முயற்சி தோல்வியா, வெற்றியா?’ என்னும் பொருளில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.